மைனஸ் 10 குளிரில் தூங்க எந்த ஸ்லீப்பிங் பேக்? முதல்முறை பனிமலை ஏறுகிறவர்களுக்கு

உத்தரகண்டில் கேதார்கண்டா ட்ரெக். உச்சிக்கு முந்தைய முகாமில் நானும் தம்பியும் ஒரே கூடாரத்தில் படுத்திருந்தோம். இருவரிடமும் ஒரே மாதிரி ஸ்லீப்பிங் பை, ஒரே இணையக் கடையில் ஒரே நாளில் வாங்கியது. உறையில் பெரிய எழுத்தில் 'மைனஸ் 10' என்று போட்டிருந்தது. அன்றைக்குக் குளிர் மைனஸ் 7-ஐத் தாண்டவில்லை. தம்பி ஓரளவு தூங்கிவிட்டான். நான் ஒன்பது மணியிலிருந்து விடியும்வரை பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன். கால் விரல்களுக்கு உணர்ச்சி திரும்ப மறுநாள் பத்து மணி ஆயிற்று. உச்சிக்கு நான் போகவில்லை.

ஊர் திரும்பியதும் ஏன் இப்படி ஆயிற்று என்று தேட ஆரம்பித்தேன். அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளில் நின்று கேட்டும், வாடகைக்கு எடுத்தும், இரவல் வாங்கியும் நான்கு வகைப் பைகளில் படுத்துப் பார்த்துவிட்டேன். கொளுத்தும் ஊரில் வளர்ந்த நமக்கு இந்தக் குளிரைப் பற்றிச் சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது. கம்பளிப் போர்வையைத் தாண்டி நமக்கு என்ன தெரியும்? அதனால்தான் இதை எழுதுகிறேன். ட்ரெக் நடத்தும் குழுவோடு போனால் பெரும்பாலும் அவர்களே பை தருவார்கள். சொந்தமாகப் போகிறவர்களும், குழு தருகிற பையை நம்ப யோசிக்கிறவர்களும் மேலே படியுங்கள்.

1. எவ்வளவு குளிர் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

'குளிர்காலப் பை வேண்டும்' என்று கடையில் கேட்டால் கையில் இருப்பதை எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் படுக்கப்போகும் இடத்தில், அந்த மாதத்தில், இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை என்ன என்று ஓர் எண்ணோடு போங்கள்.

வானிலைச் செயலிகள் ஊர்களுக்குத்தான் சரியாகச் சொல்லும், முகாம்களுக்குச் சொல்லாது. அதனால் அடிவார ஊரின் இரவு வெப்பநிலையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6.5 டிகிரி கழியுங்கள். கேதார்கண்டாவுக்கு அடிவார ஊரான சாங்க்ரி கிட்டத்தட்ட 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேல் முகாம் சுமார் 3,400 மீட்டர். வித்தியாசம் 1,450 மீட்டர், அதாவது 9 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. சாங்க்ரியில் இரவு 0 என்றால் மேலே மைனஸ் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நாலு பக்கமும் மேடு சூழ்ந்த குழியில் கூடாரம் போட்டால், கணக்கில் வந்ததைவிட இன்னும் குளிரும்.

2. லேபிளில் 'கம்ஃபர்ட்' என்ற எண்ணை மட்டும் பாருங்கள்

நானும் தம்பியும் ஏமாந்தது இங்கேதான். ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட பையில் ஐஎஸ்ஓ 23537 என்ற தர எண் இருக்கும். பழைய பைகளில் ஈஎன் 13537 என்று இருக்கும். வெப்ப உணரிகள் பொருத்திய ஒரு பொம்மைக்கு உள்ளாடையும் காலுறையும் போட்டு, கீழே மேட் விரித்து, குளிரூட்டிய அறையில் பைக்குள் கிடத்திச் சோதிப்பார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வருகின்றன.

கம்ஃபர்ட்: சராசரிப் பெண் ஒருத்தி உடம்பைத் தளர்த்திப் படுத்து, குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை.

லிமிட்: சராசரி ஆண் ஒருவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, நடுங்காமல் சமாளிக்கக்கூடிய கடைசி எல்லை.

எக்ஸ்ட்ரீம்: உயிர் பிழைப்பதற்கான எண். இந்தக் குளிரில் ஆறு மணி நேரம் சாகாமல் இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். தூக்கம் வராது, விரல்கள் பனியில் பாதிக்கப்படவும் கூடும்.

உறையில் பெரிதாக அச்சடித்திருப்பது பல சமயம் லிமிட்டாகவோ, அதைவிட மோசமாக எக்ஸ்ட்ரீமாகவோ இருக்கும். ஒரே பைக்குக் கம்ஃபர்ட் 0, லிமிட் மைனஸ் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 20-ஐ ஒட்டி என்று இருப்பது சாதாரணம். எங்கள் பையில் எந்தத் தர எண்ணும் இல்லை, வெறும் 'மைனஸ் 10'. அது எதன் எண் என்று விற்ற கடையிடம் எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை. தர எண் இல்லாத பையில் அச்சிட்ட டிகிரியை அலங்காரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆணாக இருந்தாலும் கம்ஃபர்ட் எண்ணையே பாருங்கள் என்பது என் கருத்து. பகல் முழுக்க நடந்து களைத்து, சரியாகச் சாப்பிடாமல், மெல்லிய காற்றில் படுத்திருக்கும் ஆள், சோதனைக்கூடத்தின் சராசரி ஆள் கிடையாது. வயதானவர்களுக்கும், ஒல்லியானவர்களுக்கும், ஊரிலேயே சட்டென்று கை சில்லிடுகிறவர்களுக்கும் கம்ஃபர்ட் எண் இன்னும் 5 டிகிரி கீழே இருக்க வேண்டும்.

சரி, மைனஸ் 10 கம்ஃபர்ட் உள்ள பை நம் பட்ஜெட்டில் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் எடை தாங்காது. அதனால் கம்ஃபர்ட் 0 முதல் மைனஸ் 5 வரை உள்ள ஒரு பையை எடுத்துக்கொண்டு, மீதிக் குளிரை மேட், உடை, லைனர் (பைக்குள் போட்டுக்கொள்ளும் துணி உறை) மூன்றாலும் சமாளிப்பதுதான் நடைமுறை. அந்த மூன்றையும் கீழே சொல்கிறேன்.

3. பைக்கு முன்னால் மேட்

யாரும் எனக்கு இதை முதலில் சொல்லவில்லை. பையில் சூடு வருவது அதற்குள் உப்பிய பஞ்சில் சிறைப்பட்ட காற்றால்தான். நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கிவிடும், வெகுநாள் படுத்த இலவம்பஞ்சுத் தலையணை தட்டையாகிற மாதிரி. அப்புறம் உங்களுக்கும் பனித்தரைக்கும் நடுவில் இருப்பது இரண்டு துணி, ஒரு மேட். அந்த இரவு எனக்கு ஏறிய குளிரில் பாதி கீழேயிருந்து வந்தது. நான் எடுத்துப் போயிருந்தது வீட்டில் யோகா செய்யும் மேட்.

மேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடினால் சூடு கூடும். சாதாரண ஃபோம் மேட்டுக்கு இது 2-ஐ ஒட்டி இருக்கும். பனி மீது படுக்க 4 அல்லது 5 வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தால் இரண்டின் ஆர் மதிப்பும் அப்படியே கூடும். இரண்டு ஃபோம் மேட் போட்டால் 4 ஆகிவிடுகிறது. நான் கேட்ட கடைகளில் ஒரு மேட் 700 ரூபாயிலிருந்து 1,500 வரை. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் முடியும். முள் குத்தினால் காற்று இறங்கிவிடுமோ என்ற பயமும் இல்லை.

காற்றடிக்கும் மேட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளே பஞ்சோ, வெப்பத்தைத் திருப்பும் படலமோ இல்லாத வெறும் காற்று மெத்தை, கோடைக்கால கடற்கரைக்குத்தான் ஆகும். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். ஆர் மதிப்பு எழுதியிராத காற்று மேட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

கையில் 8,000 ரூபாய் இருந்தால், முதலில் 2,000-ஐ மேட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியோடு பை பார்க்கப் போங்கள்.

4. தூவியா, பாலியெஸ்டரா?

கடையில் 'டவுன்' என்று சொல்வது வாத்தின் நெஞ்சுப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய தூவி. எடைக்கு எடை பார்த்தால் இதைவிடச் சூடு தரும் பஞ்சு கிடையாது. 0 டிகிரி கம்ஃபர்ட் பை, தூவியில் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. அதே சூடு பாலியெஸ்டரில் வேண்டுமென்றால் 1.6 முதல் 2 கிலோவரை போகும், சுருட்டினாலும் முதுகுப்பையில் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். ஆனால் விலை? நான் பார்த்த கடைகளில் பாலியெஸ்டர் பை 5,000 முதல் 8,000 வரை. தூவிப் பை 12,000-க்கு மேலேதான் தொடங்கியது.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, இதுதான் முதல் ட்ரெக் என்றால் பாலியெஸ்டர் வாங்குங்கள். தயங்க வேண்டாம். ஈரம் பட்டாலும் ஓரளவு சூடு தரும், சீக்கிரம் காயும், துவைப்பதும் எளிது. தூவி நனைந்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, பை வெறும் துணியாகிவிடும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகப்போகிறீர்கள், சுமையைச் சுமப்பதும் நீங்கள்தான் என்றால் தூவிக்குப் பணம் சேர்க்கலாம். வாங்கும்போது இரண்டு எண்களைச் சேர்த்துக் கேளுங்கள். ஒன்று, ஃபில் பவர். ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்பும் என்பது இது. 600 என்றால் அந்த 28 கிராம் கிட்டத்தட்ட 10 லிட்டர் இடத்தை அடைக்கும், ஒரு சின்ன வாளி அளவு. இன்னொன்று, பைக்குள் நிரப்பிய தூவியின் எடை. விற்பவர்கள் '800 ஃபில் பவர்' என்று பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே 200 கிராம்தான் இருந்தால் அது குளிர்காலப் பை இல்லை. 0 டிகிரி கம்ஃபர்ட்டுக்கு நல்ல தூவி 450, 500 கிராமாவது வேண்டும். 'ஃபெதர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது காம்புள்ள இறகு, தூவி இல்லை. தூவியும் இறகும் 90-க்கு 10 என்ற கலவை நல்லது, 80-க்கு 20-ம் பரவாயில்லை.

தையலையும் பாருங்கள். பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், மேல்துணியையும் உள்துணியையும் சேர்த்து நேராகத் தைத்த கோடுகள் பளிச்சென்று தெரியும். அந்தக் கோடு ஒவ்வொன்றிலும் பஞ்சு இல்லை, குளிர் நுழையும். குளிர்காலப் பையில் இரண்டு துணிக்கும் நடுவில் தனிச் சுவர் வைத்துத் தைத்திருக்க வேண்டும், அல்லது பஞ்சை இரண்டு அடுக்காக்கித் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றித் தைத்திருக்க வேண்டும்.

5. உள்ளே படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கூச்சப்படாமல் கடையிலேயே படுங்கள். செவ்வகப் பை வசதியாகத் தெரியும், ஆனால் கால் பக்கத்தில் வீணாகும் காலியிடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். தோளில் அகன்று காலில் ஒடுங்கும் மம்மி வடிவம்தான் குளிருக்கு ஏற்றது. உயரத்தைவிட 15, 20 சென்டிமீட்டர் கூடுதல் நீளம் போதும். ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் ஆபத்து. தோளோ முழங்காலோ பஞ்சை உள்ளிருந்து அழுத்தினால் அந்த இடம் சில்லிடும்.

தலையை மூடும் தொப்பி, கழுத்தைச் சுற்றிப் பஞ்சு வைத்த பட்டை, ஜிப்புக்குப் பின்னால் நீளமாகப் போகும் பஞ்சுக் குழாய். இந்த மூன்றும் இல்லாத பையை மைனஸுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஜிப்பைப் பத்து முறை திறந்து மூடுங்கள். துணியைக் கடிக்கிற ஜிப், இருட்டில் கையுறையோடு உங்களை அழவைத்துவிடும்.

6. வாடகையா, சொந்தமா? பணமும் ஆவணங்களும்

ஒரே ஒரு ட்ரெக் போதும் என்றால் வாடகைதான் லாபம். நான் கேட்ட இடங்களில் நாளுக்கு 80 முதல் 150 ரூபாய். ஆறு நாளுக்கு 900 தாண்டாது. தேராதூனிலும் சாங்க்ரியிலும் கிடைக்கும், சென்னை, பெங்களூரிலும் வாடகைக்குத் தருகிறவர்கள் உண்டு. மூன்றாவது ட்ரெக்கையும் திட்டமிட்டுவிட்டீர்கள் என்றால் சொந்தமாக வாங்கத் தொடங்கலாம்.

வாடகைப் பையில் லேபிள் எண்ணை நம்பாதீர்கள். நூறு பேர் படுத்து, வருடக்கணக்காக அழுத்திச் சுருட்டிவைத்த பை, புதிதாக இருந்தபோது தந்த சூட்டைத் தராது. பையை விரித்துப் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள். உப்பி எழும்ப வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் பஞ்சில்லாத ஓட்டைகள் தெரியக் கூடாது. லைனர் கட்டாயம் கொண்டுபோங்கள். சுத்தத்துக்கும் ஆயிற்று, சூட்டுக்கும் ஆயிற்று. ஃப்ளீஸ் துணி மூன்றரை மீட்டர் எடுத்து, நடுவில் மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் வீட்டிலேயே லைனர் தயார். நான் தெருமுனைத் தையற்கடையில் கொடுத்துத்தான் தைத்தேன். லைனர் 10 டிகிரி, 15 டிகிரி கூட்டும் என்று விளம்பரங்களில் வரும். என் அனுபவத்தில் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

முன்பணம் கேட்பார்கள், அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆதார் நகலைக் கொடுங்கள், அசலை எந்தக் கடையிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாங்க்ரி போகும் வழியில் வன அனுமதிக்கும் அடையாள அட்டை தேவைப்படும். அசல் கடையில் மாட்டிக்கொண்டால் பயணமே நின்றுவிடும். வாங்கும்போதே ஜிப், துணி, தொப்பி எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுத்து, கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திருப்பித் தரும்போது 'இந்தக் கிழிசல் உங்களுடையது' என்ற பேச்சு வராது. முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

சொந்தமாக வாங்கினால் பில்லைப் படம் எடுத்து வையுங்கள். ஜிப் போனால் மாற்றித் தருவதற்கு அதைத்தான் கேட்பார்கள்.

7. எப்போது வாங்குவது

டிசம்பர் ட்ரெக்குக்கு அக்டோபரிலேயே பை கையில் இருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் போனால் உங்கள் அளவு தீர்ந்துபோய், மிஞ்சியதை வாங்க வேண்டிவரும். அடுத்த வருடத்துக்குத்தான் என்றால் பிப்ரவரி, மார்ச் வரை பொறுங்கள். குளிர் முடிந்ததும் கடைகள் மீந்ததை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். என் இரண்டாவது பை அப்படி வாங்கியதுதான்.

தேராதூனில் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நேரக் கணக்கு. சாங்க்ரி சுமார் 200 கிலோமீட்டர், மலைப்பாதை, கிட்டத்தட்ட முழுநாள் பயணம். பேருந்துகளும் ஜீப்புகளும் அதிகாலையிலேயே கிளம்பிவிடும், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. முதல்நாள் மதியத்துக்குள் தேராதூன் சேர்ந்து, மாலையில் பையைப் பார்த்து எடுத்துக்கொள்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். விமானத்தில் போனால் எடைக் கணக்கையும் பாருங்கள். உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. அதில் இரண்டு கிலோவைப் பையே எடுத்துக்கொள்ளும்.

8. ஊரில் ஒரு ஒத்திகை

விலைச்சீட்டைக் கிழிக்காமல், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஏசியை 16-இல் வைத்து இரண்டு மணி நேரம் பைக்குள் படுங்கள். குளிரைச் சோதிக்க அது போதாது, ஆனால் அளவும் ஜிப்பும் தொப்பியும் சரிதானா என்று தெரிந்துவிடும். உள்ளிருந்தே, இருட்டில், ஒரு கையால் திறந்து வெளியே வரப் பழகுங்கள்.

உண்மையான சோதனைக்கு நம் பக்கத்தில் ஊட்டி இருக்கிறது. ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் 0 டிகிரியை ஒட்டி இறங்கும். காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் போடக் கூடாது. தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியோ, தங்கும் வீட்டுத் திண்ணையோ போதும். நான் மாடியில் படுத்தேன், குளிர் தாங்காவிட்டால் அறைக்குள் ஓடிவிடலாம் என்ற தைரியத்தில். எனக்கு இரண்டு ஃபோம் மேட் வேண்டும் என்று தெரிந்துகொண்டது அந்த மாடியில்தான்.

9. கூடாரத்தில் அந்த இரவு

பை சூட்டை உண்டாக்காது, உங்கள் சூட்டைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். சில்லிட்ட உடம்போடு உள்ளே போனால் சில்லென்றே கிடப்பீர்கள். படுக்கும் முன் கூடாரத்தைச் சுற்றி நாலு நடை நடந்துவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு கடலைமிட்டாயோ கொஞ்சம் நெய் சேர்த்த எதையாவதோ சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். நடுராத்திரி சிறுநீர் வந்தால் அடக்கிக்கொண்டு படுக்க வேண்டாம், தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

நடந்தபோது போட்ட உடையை மாற்றுங்கள். வியர்வை ஈரம் கொஞ்சம் இருந்தாலும் போதும், ராத்திரி அதுவே எமன். தூங்குவதற்கென்று ஒரு செட் தெர்மல் உள்ளாடை, கம்பளிக் காலுறை, குல்லாய் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியாக வையுங்கள். உடை போடாமல் படுத்தால்தான் பை சூடாகும் என்று முகாமில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். காய்ந்த உடை எப்போதும் கூடுதல் சூடுதான், பஞ்சை அழுத்தும் அளவுக்குத் திணித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

கொதிக்கவைத்த தண்ணீரை மூடி கசியாத பாட்டிலில் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்துத் தொடைகளுக்கு நடுவிலோ பாதத்தடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிவரை சூடு இருக்கும். காலையில் குடிக்க உறையாத தண்ணீரும் ஆயிற்று. நான் அந்த முதல் இரவில் செய்திருக்கக்கூடிய மிக எளிய காரியம் இது.

மூக்கையும் வாயையும் பைக்குள் புதைத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள். முதல் அரைமணி சுகமாக இருக்கும், விடிவதற்குள் மூச்சின் ஈரத்தில் பஞ்சு நனைந்துவிடும். தொப்பியின் கயிற்றை இழுத்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிய விடுங்கள். மறுநாள் மதிய இடைவேளையில் பையை உள்வெளியாகத் திருப்பி அரைமணி வெயிலில் போட வேண்டும். தூவிப் பைக்கு இதை ஒருநாளும் விடாதீர்கள்.

உறக்கம் வராத அளவு நடுக்கம், பேச்சுக் குழறல், கைவிரல் சொன்னபடி கேட்காமை இதெல்லாம் வந்தால் காலைவரை பொறுக்க வேண்டாம். உடனே பக்கத்துக் கூடாரத்தை எழுப்புங்கள். எனக்கு அன்றைக்கு எழுப்பத் தயக்கமாக இருந்தது. தயங்கியிருக்கக் கூடாது.

10. வீடு வந்ததும்

பையை அதன் சின்ன உறையிலேயே அழுத்திவைத்து அலமாரியில் போட்டால், நாளடைவில் பஞ்சு செத்துவிடும். இரண்டு நாள் நிழலில் காற்றாட விரித்துப்போட்டுவிட்டு, பழைய பருத்தி வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி, சுவரை ஒட்டாமல் மேலே வையுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் பஞ்சுக்குள் இறங்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள். அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை, லைனரைத் துவைத்தால் போதும். பாலியெஸ்டர் பையைக் குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சோப்பில் அலசி, முறுக்காமல் காயப்போடலாம். தூவிப் பையை டிரை கிளீனிங்குக்குக் கொடுக்காதீர்கள். துவைத்தால் டிரையரில் குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்துகளையும் உள்ளே போட்டுக் காயவையுங்கள். தூவி கட்டியாகாமல் உதிர்ந்து எழும்ப இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். கையால் தடவினால் எங்கும் கட்டி தட்டுப்படாத நிலை வரும்வரை டிரையரிலிருந்து எடுக்காதீர்கள்.